நாற்காலியை மறுத்த பாதிரியார்

தெற்குத் தில்லியில் ஆண்ட்ரூஸ் கஞ்ச் என்று ஓர் இடம் இருக்கிறது. பேருந்து அங்கே நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குப் பிழைக்கப் போனவர்கள் பலருக்கு அந்தப் பெயர் பழக்கம். தினமும் சொல்கிற பெயர். ஆனால் அது யாருடைய பெயர்?

ஆண்ட்ரூஸ் ஒரு வெள்ளைக்காரர். சுதந்திரம் வந்த பிறகு தில்லியில் வெள்ளைக்காரர்கள் வைத்த பல பெயர்கள் மாறிவிட்டன. கிங்ஸ்வே என்ற பெரிய சாலை ராஜபாதை ஆயிற்று. 2022-இல் அதுவும் மாறிக் கர்த்தவ்ய பாதை ஆயிற்று. ஆண்ட்ரூஸ் பெயர் அப்படியே நிற்கிறது. ஏன்?

அதைத் தெரிந்துகொள்ள நாம் தில்லியின் இன்னொரு மூலைக்குப் போக வேண்டும். காஷ்மீரி கேட் என்ற இடம். வெளியூர்ப் பேருந்துகள் வந்து நிற்கும் பெரிய நிலையம் அங்கேதான் இருக்கிறது. அதற்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய கட்டடம் உண்டு. தில்லியின் தலைமைத் தேர்தல் அதிகாரியின் அலுவலகம் நீண்ட காலமாக அங்கே நடந்து வருகிறது. வாக்காளர் பட்டியல் வேலைகள் நடக்கிற இடம் அது. நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அது ஒரு கல்லூரி. புனித ஸ்டீபன் கல்லூரி என்று பெயர். ஆண்ட்ரூஸ் அங்கே ஆசிரியராக வந்தார். அங்கே அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அவர் அதில் உட்கார மறுத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் பெயர் சுசீல் குமார் ருத்ரா.

இது அந்த இருவரின் கதை.

மன்னித்த தகப்பனார்

ஆண்ட்ரூஸின் முழுப் பெயர் சார்லஸ் ஃப்ரீயர் ஆண்ட்ரூஸ். 1871-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனாரும் பாதிரியார். வீட்டில் பிள்ளைகள் நிறைய. பணம் குறைவு.

அம்மாவுக்குச் சேர வேண்டிய சொத்து கொஞ்சம் இருந்தது. அதை நம்பிக்கையான நண்பர் ஒருவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அந்த நண்பர் ஏமாற்றிவிட்டார். பணம் எல்லாம் போயிற்று. குடும்பம் நொடித்தது. நம் வீட்டில் இப்படி நடந்தால் என்ன செய்வோம்? போலீசுக்குப் போவோம். தெருவில் நின்று சத்தம் போடுவோம். அதில் தவறும் இல்லை. ஆனால் ஆண்ட்ரூஸின் தகப்பனார் வழக்குப் போடவில்லை. ஏமாற்றியவருக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொண்டார். சிறுவன் சார்லி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அதைச் சாகும்வரை அவன் மறக்கவில்லை.

சார்லி நன்றாகப் படித்தான். கேம்பிரிட்ஜ் என்ற பெரிய பல்கலைக்கழகத்தில் படித்துத் தேறினான். 1897-இல் பாதிரியார் ஆனார். லண்டன் நகரத்தில் ஏழைகள் வாழும் வால்வொர்த் என்ற பகுதியில் வேலை செய்தார். உலகின் பல பகுதிகளை ஆண்ட நாட்டின் தலைநகரிலும் பசி இருந்தது. அதை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

அவருக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார். பெயர் பேசில் வெஸ்ட்காட். அவரும் பாதிரியார். தில்லிக்கு வந்து வேலை செய்தார். 1900-இல் காலரா நோய் கண்டு இங்கேயே இறந்தார். நண்பர் விட்ட வேலையை நான் செய்கிறேன் என்று ஆண்ட்ரூஸ் கிளம்பினார். 1904 மார்ச் 20-ஆம் நாள் தில்லி வந்து சேர்ந்தார். அந்த நாளைத் தன் இரண்டாவது பிறந்த நாள் என்று பின்னால் சொல்லிக்கொள்வார்.

ருத்ரா

புனித ஸ்டீபன் கல்லூரி 1881-இல் தொடங்கியது. முதலில் சாந்தினி சௌக் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. அப்போது ஐந்தே மாணவர்கள். பத்து ஆண்டு கழித்துத்தான் காஷ்மீரி கேட்டில் சொந்தக் கட்டடம் வந்தது. கல்லூரியைத் தொடங்கியவர்கள் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த பாதிரியார்கள். அப்போது தில்லியில் பல்கலைக்கழகம் கிடையாது. மாணவர்கள் லாகூர் பல்கலைக்கழகத்தின் பரீட்சையை எழுதினார்கள்.

சுசீல் குமார் ருத்ரா வங்காளத்துக்காரர். 1861-இல் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். கல்கத்தாவில் படித்தார். 1886-இல் தில்லிக்கு வந்து இந்தக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அதிகம் பேச மாட்டார். மனைவி இளம் வயதிலேயே இறந்துவிட்டார். தாயில்லாப் பிள்ளைகளை அவரே வளர்த்தார்.

ஆண்ட்ரூஸுக்கு மணமாகவில்லை. ருத்ரா வீடு அவருக்குச் சொந்த வீடு மாதிரி ஆயிற்று. பிள்ளைகளோடு பேசுவார், விளையாடுவார். ருத்ராவைவிட ஆண்ட்ரூஸ் பத்து வயது இளையவர். இந்தியாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ருத்ராதான் சொல்லிக்கொடுத்தார். வெள்ளைக்காரர்கள் இந்தியர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள், அது எங்கே வலிக்கிறது என்று சொல்லிக்கொடுத்தார். சண்டை போட்டுச் சொல்லவில்லை. நண்பராகச் சொன்னார். இந்தியா தனக்கு அந்நிய நாடாகத் தோன்றாமல் போனதற்கு ருத்ராவே காரணம் என்று ஆண்ட்ரூஸ் பின்னாளில் எழுதினார்.

1906

1906-இல் கல்லூரியின் முதல்வர் பதவி காலியானது. இங்கே முதல்வர் என்றால் கல்லூரியின் தலைவர், பிரின்ஸ்பால். முதலமைச்சர் அல்ல.

அதுவரை அந்தக் கல்லூரிக்கு மூன்று முதல்வர்கள். மூவரும் ஆங்கிலேயர். மூவரும் பாதிரியார்கள். அந்தக் காலத்தில் நாடு முழுவதும் அப்படித்தான். பாதிரியாராகக் கப்பலில் வருவார்கள். கல்லூரித் தலைவர் ஆவார்கள். சிலர் அதற்கும் மேலே போனார்கள். நம் சென்னையில் வில்லியம் மில்லர் என்ற பாதிரியார் இருந்தார். ஸ்காட்லாந்துக்காரர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்தவர் அவர். 1901-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர் ஆனார். நல்ல கல்விமான். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி அப்போது எழவில்லை. அந்த இடத்தில் ஓர் இந்தியர் உட்காரலாமே என்ற கேள்விதான் அது.

தில்லியில் அந்தக் கேள்வி 1906-இல் எழுந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ருத்ராவுக்கு வயது 45. கல்லூரியில் 20 ஆண்டு வேலை. கல்லூரியின் ஒவ்வொரு செங்கலும் அவருக்குத் தெரியும். ஆண்ட்ரூஸுக்கு வயது 35. தில்லிக்கு வந்து இரண்டே ஆண்டு. யாரை முதல்வர் ஆக்குவது? ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

ஆனால் பெரியவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். ஆண்ட்ரூஸையே முதல்வர் ஆக்கலாம் என்றார்கள். லாகூர் பிஷப் லெஃப்ராய்க்கும் ருத்ராவை நியமிக்கத் தயக்கம் இருந்தது. பிஷப் என்றால் பாதிரியார்களுக்கு மேலே உள்ள தலைமைக் குரு. இந்தியர் முதல்வரானால் கல்லூரியில் ஒழுங்கு இருக்குமா? பெற்றோர்கள் பிள்ளைகளை நம்பி அனுப்புவார்களா? ஆங்கில ஆசிரியர்கள் ஓர் இந்தியருக்குக் கீழே வேலை செய்வார்களா? இப்படியெல்லாம் பேச்சு நடந்தது.

இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? பெண் பஞ்சாயத்துத் தலைவர் ஆனால் ஊர் அடங்குமா என்று கேட்டவர்கள் நம் ஊரில் இல்லையா? வேலை தெரியுமா என்று கேட்பதில்லை. யார் அந்த ஆள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

ஆண்ட்ரூஸ் முடியாது என்று சொல்லிவிட்டார். ருத்ராதான் முதல்வராக வேண்டும். நிறத்தைப் பார்த்து அவரை ஒதுக்கினால் தானும் கல்லூரியை விட்டுப் போய்விடுவதாகச் சொன்னார். சொன்னதில் உறுதியாக நின்றார்.

ருத்ரா முதல்வர் ஆனார். அந்தக் கல்லூரிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவர்தான்.

இதை ஆண்ட்ரூஸ் செய்த தியாகம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். விட்டுக்கொடுத்தார் என்கிறார்கள். அந்தச் சொல் முழுக்கச் சரியில்லை. நம்முடைய பொருளைக் கொடுத்தால்தான் அது விட்டுக்கொடுத்தல். 20 ஆண்டு உழைத்தவருக்கு உரிய இடம் அது. ஆண்ட்ரூஸ் அடுத்தவர் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான். ஆனால் நாடே எடுத்துக்கொள் என்று நீட்டும்போது எடுக்காமல் இருப்பது லேசான காரியமா?

அதைவிடப் பெரிய காரியம் பிறகு நடந்தது. ஒரு நாள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அது ஒரு நாள் வேலை. ஆண்ட்ரூஸ் அதன் பிறகு ஏழெட்டு ஆண்டுகள் ருத்ராவுக்குக் கீழே வேலை செய்தார். ருத்ரா கொடுத்த வகுப்பை எடுத்தார். ருத்ரா சொன்னதைக் கேட்டார். ஓர் ஆங்கிலேயர் இந்தியத் தலைவரின் சொல் கேட்டு நடப்பதை மாணவர்கள் தினமும் கண்ணால் பார்த்தார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் படித்த கல்லூரி அது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத பாடம் அங்கே நடந்தது.

ஒழுங்கு கெடும் என்று சொன்னார்களே, கெட்டதா? இல்லை. ருத்ரா 1906 முதல் 1923 வரை முதல்வராக இருந்தார். மொத்தம் 17 ஆண்டு. கல்லூரி வளர்ந்தது.

கப்பலில் போன தமிழர்கள்

இந்தக் கதையில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அது கடலுக்கு அப்பால் நடந்தது.

1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏழை மக்கள் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். கரும்புத் தோட்டத்தில் வேலை. ஐந்து ஆண்டு ஒப்பந்தம். என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு அங்கேயே இருக்க விரும்பினால் வரி கட்ட வேண்டும் என்று நேட்டால் அரசாங்கம் பின்னால் சட்டம் போட்டது. தலைக்கு ஆண்டுக்கு மூன்று பவுன். கூலிக்காரருக்கு அது தாங்க முடியாத பாரம்.

1913-இல் காந்தி தலைமையில் போராட்டம் வெடித்தது. நேட்டாலில் நியூகாசில் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பலர் தமிழர்கள். ஆண்ட்ரூஸ் பிறந்த ஊரின் பெயரும் நியூகாசில்தான். அது இங்கிலாந்தில், இது ஆப்பிரிக்காவில். தில்லையாடி வள்ளியம்மை என்ற பெண் சிறைக்குப் போனார். அங்கே நோய் கண்டது. 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் இறந்தார். அவருக்கு வயது 16.

அந்தச் சமயத்தில் கோகலே என்ற தலைவர் ஆண்ட்ரூஸை உதவிக்குப் போகச் சொன்னார். ஆண்ட்ரூஸ் உடனே கிளம்பினார். 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார். அங்கே காந்தி நின்றார். ஆண்ட்ரூஸ் குனிந்து அவர் காலைத் தொட்டார். வெள்ளைக்காரர்களுக்குக் கோபம் தாங்கவில்லை. ஒரு வெள்ளைக்காரர் ஓர் ஆசியரின் காலைத் தொடுவதா என்று திட்டினார்கள். ஆண்ட்ரூஸ் அதைக் காதில் வாங்கவில்லை. காந்திக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த பேச்சில் உதவினார். அந்த ஆண்டே மூன்று பவுன் வரி நீங்கியது.

அன்று தொடங்கிய நட்பு கடைசிவரை நீடித்தது. காந்தி அவரைச் சார்லி என்று கூப்பிடுவார். ஆண்ட்ரூஸ் காந்தியை மோகன் என்பார். காந்தியை அப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மிகச் சிலரே.

1914-இல் ஆண்ட்ரூஸ் தில்லிக் கல்லூரியை விட்டார். பாதிரியார் பணியையும் விட்டார். வங்காளத்தில் கவிஞர் தாகூரின் சாந்திநிகேதன் பள்ளிக்குப் போனார். பிறகு ஃபிஜித் தீவுக்கு இரண்டு முறை போனார். 1915-இல் ஒரு முறை, 1917-இல் ஒரு முறை. அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து சுமார் 60,000 பேர் போயிருந்தார்கள். 1903-க்குப் பிறகு போனவர்களில் தமிழர்களும் உண்டு. அங்கே பெண்கள் பட்ட பாட்டைப் பற்றிப் பாரதியார் பாட்டு எழுதியிருக்கிறார். ஆண்ட்ரூஸ் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போனார். பார்த்ததை எழுதினார். மேலே இருப்பவர்களுக்குத் தெரியப்படுத்தினார். இந்தியத் தலைவர்கள் பலரும் போராடினார்கள். 1920 தொடக்கத்தில் ஃபிஜியில் மீதி இருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. மக்கள் ஆண்ட்ரூஸைத் தீனபந்து என்று அழைத்தார்கள். ஏழைகளின் சொந்தக்காரர் என்று பொருள்.

முதல்வர் வீட்டில் ஒரு விருந்தாளி

ஆண்ட்ரூஸ் ஊர் ஊராகப் போனார். பேர் பரவியது. ருத்ரா காஷ்மீரி கேட்டிலேயே இருந்தார். பாடம் நடத்தினார். பேர் பரவவில்லை. ஆனால் அவர் செய்த ஒரு காரியம் ஆண்ட்ரூஸின் எந்தக் காரியத்துக்கும் குறைந்ததில்லை.

1915-இல் காந்தி இந்தியாவுக்குத் திரும்பினார். தில்லிக்கு வந்தபோது ருத்ரா வீட்டில்தான் தங்கினார். ஆண்ட்ரூஸ் மூலம் வந்த பழக்கம் அது. அதன் பிறகு தில்லி வரும்போதெல்லாம் அங்கேதான் இறங்கினார். 1920 வந்தது. ஒத்துழையாமை இயக்கத்துக்குக் காந்தி திட்டம் போட்டார். அந்நிய அரசோடு நாம் ஒத்துழைத்தால்தானே அது நம்மை ஆள முடியும்? ஒத்துழைப்பை நிறுத்துவோம் என்பதுதான் திட்டம். அரசாங்கப் பட்டங்களை விடுவது, கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பது, அரசாங்கத்தைச் சேர்ந்த பள்ளி கல்லூரிகளை விட்டு மாணவர்கள் வெளியே வருவது. வைஸ்ராய்க்குக் காந்தி எழுதிய பகிரங்கக் கடிதமும் அந்த வீட்டில்தான் தயாரானது.

வேடிக்கையைப் பாருங்கள். மாணவர்களைக் கல்லூரியை விட்டு வரச் சொல்லும் திட்டம். அது உருவானது ஒரு கல்லூரி முதல்வரின் வீட்டில்! மௌலானாக்களும் மற்றத் தலைவர்களும் வந்து பேசினார்கள். ருத்ரா பக்கத்தில் இருந்து பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

காந்திக்கே கவலை வந்தது. தன்னால் ருத்ராவின் வேலைக்கு ஆபத்து வரலாம். கல்லூரிக்கும் கெட்ட பெயர் வரலாம். வேறு இடத்துக்குப் போய்விடுகிறேன் என்றார். ருத்ரா விடவில்லை. தன் மதம் மேலோடு நிற்பதல்ல, ஆழமானது என்றார். யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன் என்ற கருத்தில் பதில் சொன்னார். காந்தியே இதைப் பின்னால் தன் யங் இந்தியா பத்திரிகையில் எழுதினார்.

14 ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஆங்கிலேயர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இந்த வீட்டுக் கதவு திறந்திருக்குமா? ஆண்ட்ரூஸே உட்கார்ந்திருந்தால் ஒருவேளை திறந்திருக்கும். வேறொருவர் என்றால் சந்தேகம்தான்.

தில்லிப் பல்கலைக்கழகம்

1922-இல் தில்லிக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் வந்தது. மூன்று கல்லூரிகளோடு தொடங்கியது. புனித ஸ்டீபன் கல்லூரி, இந்து கல்லூரி, ராம்ஜஸ் கல்லூரி. இனி மாணவர்கள் லாகூர்ப் பரீட்சையை நம்பியிருக்க வேண்டாம். அப்போதும் புனித ஸ்டீபனின் முதல்வர் ருத்ராதான். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். 1925 ஜூன் மாதம் சோலன் என்ற மலை ஊரில் இறந்தார். அவர் மகன்களில் ஒருவர் பின்னாளில் இந்திய ராணுவத்தில் மேஜர் ஜெனரல் ஆனார்.

1926-இல் மீண்டும் ஓர் இந்தியர் முதல்வரானார். பெயர் எஸ்.என். முகர்ஜி. 1945 வரை அவர் இருந்தார். இந்தியர் தலைமை ஏற்கலாமா என்ற பேச்சு அதற்குள் பழசாகிவிட்டது.

ஆண்ட்ரூஸ் 1940 ஏப்ரல் 5-ஆம் நாள் கல்கத்தாவில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். சொந்த வீடு இல்லை, குடும்பம் இல்லை. 1971-இல் அவர் பிறந்து நூறு ஆண்டு ஆனபோது இந்திய அரசு அவர் படம் போட்டு அஞ்சல் தலை வெளியிட்டது.

கல்லூரி 1941-இல் காஷ்மீரி கேட்டை விட்டுப் பல்கலைக்கழகம் இருக்கும் பக்கம் போய்விட்டது. அங்கே மாணவர் விடுதிகள் உண்டு. அவற்றில் இரண்டுக்கு ருத்ராவின் பெயர். நகரத்தின் தெற்கே ஆண்ட்ரூஸ் கஞ்ச். வடக்கே ருத்ரா விடுதி. நடுவில் காஷ்மீரி கேட் கட்டடத்தில் தேர்தல் அலுவலகம்.

படித்துப் பேசுங்கள்

ருத்ராவை முதல்வர் ஆக்கக் கூடாது என்றவர்கள் என்னென்ன காரணம் சொன்னார்கள்? அதில் எது உங்கள் ஊரிலும் கேட்ட காரணம்? ருத்ரா காந்தியைத் தன் வீட்டில் தங்க வைத்தது சரியா, கல்லூரிக்கு ஆபத்து என்று மறுத்திருக்க வேண்டுமா? உங்கள் தெருவுக்கு அல்லது பேருந்து நிறுத்தத்துக்கு யாருடைய பெயர்? பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரி எழுதி வாருங்கள்.